ஆவி எத்தனை டிகிரியில் வரும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். சிரிப்பு அதற்கும் அரை அங்குலம் முன்னால். இரண்டும் சேர்ந்து என்னைப் பாடாய்ப் படுத்திய வருடம் ஒன்று உண்டு. துபாயில், அல் கூஸில், கான்கிரீட்டை நசுக்கிப் பார்க்கிற ஒரு பரிசோதனைக் கூடத்தில் நான் வேலை பார்த்த வருடம் அது.

என் உத்தியோகத்தின் பெயர் டாக்குமென்ட் கன்ட்ரோலர். பெயர்தான் பெரிது. ரிப்போர்ட் டைப் அடிப்பது, ஸ்டாம்ப் குத்துவது, ஃபைலில் போடுவது, அவ்வளவுதான் வேலை. ஊரெல்லாம் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம். சைட்டில் ஊற்றுகிற கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்துச் சதுரக் கட்டியாக வார்த்து எங்களிடம் அனுப்புவார்கள். அதை கியூப் என்போம். தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, இருபத்தெட்டாம் நாள் எந்திரத்தில் வைத்து உடைத்து, எவ்வளவு பாரம் தாங்கியது என்று எழுத வேண்டும். உடைத்து எழுதுகிறவர் ஒருவர், அவர் எழுதியதை டைப் அடிக்கிறவள் நான்.

உடைக்கிறவர் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ். சாமி கும்பிட மாட்டார். அதைக் கொள்கை என்று கொடி பிடிக்கவும் மாட்டார். கேட்டால், "எனக்கு அந்தப் பழக்கமில்லீங்க" என்பார், ஏதோ பொடி போடுவதில்லை என்பதுபோல.

நான் மார்மன். இதைச் சொன்னதும் பாதிப் பேர் "மார்வாடியா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவர் என்னிடம் அடகு வட்டி விசாரித்திருக்கிறார். அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ சபை எங்களுடையது. என் அப்பா கோயம்புத்தூரில் மில் எலக்ட்ரீஷியன். ஒரு நண்பர் வீட்டில், வெள்ளைச் சட்டையும் கருப்புப் பெயர்ப்பட்டையும் அணிந்த இரண்டு இளைஞர்களைச் சந்தித்து, இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வந்தார். மறுமாதம் அப்பாவும் நானும் சபையில் இருந்தோம். எனக்குப் பதினாலு வயது.

துபாயில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வெள்ளிக்கிழமையில் வரும். ஊருக்கே வெள்ளி விடுமுறை என்பதால் சபையும் வெள்ளியன்று ஒரு வில்லாவில் கூடும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அந்த நாட்டில் யாருக்கும் பிரசங்கம் செய்வதில்லை, யாரையும் சபைக்குக் கூப்பிடுவதில்லை. கேட்டால் மரியாதைக்கு ஒரு வரி பதில், அதற்கு மேல் வாய்க்குப் பூட்டு. என் வாய்க்குப் பூட்டா? கோயம்புத்தூரில் என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

விவகாரம் டீயில் ஆரம்பித்தது. எங்கள் சபையில் டீ, காப்பி கிடையாது. ஆபீஸ் பேன்ட்ரியில் டீ போடுகிற அண்ணன் ராமநாதபுரம் மாவட்டம். நான் தினமும் வேண்டாம் என்பதை அவர் தன் டீக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். ஒருநாள் டீக்கு வந்து நின்ற கியூப் உடைக்கிறவர் என்னிடம் விசாரித்தார்.

"ஏங்க டீ குடிக்க மாட்டேங்கிறீங்க?"

"எங்க சபையில வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."

"டீயை வேண்டாம்னு சொல்ற சபையா? அப்படி என்னதாங்க நம்புவீங்க?"

கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு வரிதானே அனுமதி. எனக்கு மிகவும் பிடித்த வரியைச் சொன்னேன். "எங்களுக்கு ஆவியும் பொருள்தானுங்க. ரொம்ப நுட்பமான பொருள், சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. அதையும் நாங்க சும்மா விட்டுர்றதில்லை, மரியாதையா நடத்தோணும்."

அவர் கெட்டில் மூக்கைப் பார்த்தார். அது புசுபுசுவென்று விட்டுக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். "ஓ, அதனாலதான் டீ குடிக்கிறதில்லையா?"

நான் அசந்துவிட்டேன். ஆவியும் பொருள், உடம்பும் பொருள், இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பவை, ஆகவே உடம்புக்குள் எதை விடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். அப்பாவுக்கு இதைப் புரியவைக்க அந்த இளைஞர்களுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. இந்த மனிதர் ஒரு கெட்டில் கொதிக்கிற நேரத்தில் பிடித்துவிட்டாரே! "ஆமாங்க, அதனாலதான்" என்றேன். என்ன ஆழமான ஆள் என்று நினைத்துக்கொண்டே சீட்டுக்கு வந்து, ஒரே ரிப்போர்ட்டில் மூன்று தப்பு அடித்தேன். உண்மையைச் சொன்னால் என்ன, எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் வினோதமான உபசாரம் நடந்தது. நான் மைக்ரோவேவில் சாப்பாடு சூடுபண்ணினால், அவர் ஓடிவந்து டப்பா மூடியைத் தானே திறந்து, கையால் விசிறி, ஆறினபிறகு என் பக்கம் தள்ளுவார். கெட்டில் இருந்த இடத்திலிருந்து தூரத்து மூலைக்கு மாறியது. ஒருநாள் எனக்கென்று தயிர்சாதம் வாங்கி வந்தார். "இதுல அந்தப் பிரச்சினை இல்லை" என்றார். எந்தப் பிரச்சினை? கேட்க வெட்கமாக இருந்தது. காதலில் இதெல்லாம் நடக்கும்போல என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஆபீஸ் வேனில், நான் உட்காருகிற சீட்டுக்கு மேலே ஒரு எலுமிச்சம்பழமும் ஏழு பச்சைமிளகாயும் தொங்கின.

வேன் டிரைவர் பேன்ட்ரி அண்ணனுக்கு ஊர்க்காரர். கண்ணாடியில் என்னை அனுதாபமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், கராமா சிக்னலில் நின்றபோது மெதுவாக ஆரம்பித்தார். "மேடம், சொன்னாத் தப்பா நெனைக்காதீக. எங்க பக்கம் ஒரு தர்கா இருக்கு. மூணு வெள்ளிக்கெழமை போனாப் போதும், எப்பேர்ப்பட்டதும் எறங்கிரும்."

"எது எறங்கும்?"

"அதான் மேடம், ஒங்களுக்கு ஆவி ஆகாதாமே. அதுகிட்ட மரியாதையா நடந்துக்கலைன்னா தொந்தரவு பண்ணுமாமே. லேப்புல கியூப் ஒடைக்கிற அண்ணன்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காக."

மறுநாள் காலை லேபுக்குள் நான் போன போக்கில், தண்ணீர்த்தொட்டியில் ஊறிய கியூப் இன்னும் கொஞ்சம் இறுகியிருக்கும். அவர் அப்போதுதான் ஒன்றை எந்திரத்தில் ஏற்றியிருந்தார்.

"ஏனுங்க, எனக்குப் பேய் புடிச்சிருக்குன்னு சொன்னீங்களா?"

"ஐயோ, நான் சொல்லலீங்க. உங்க சபையில ஆவி படக்கூடாதுன்னுதான் சொன்னேன். சூடான சாமான் பக்கத்துல வைக்காதீங்கன்னு..."

"எந்த ஆவி?"

அவர் கையால் கெட்டில் மூக்கு மாதிரி செய்து காட்டினார். இரண்டு வினாடி எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும், திட்டுவதற்குத் திறந்த வாய் திறந்தபடியே சிரிக்க ஆரம்பித்துவிட்டது. எந்திரத்தில் கியூப் டமார் என்று உடைந்தது. அவர் அளவைக் குறிப்பெடுத்துவிட்டு, ரொம்பச் சங்கடமாகக் கேட்டார். "அப்ப நீங்க சொன்ன ஆவி எத்தனை டிகிரியில வரும்?" நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அவரும் உட்கார்ந்துவிட்டார். சூப்பர்வைசர் வந்து "யல்லா, யல்லா" என்று அரபியில் விரட்டிக் கைதட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

என் ரூம்மேட் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி, ஆஸ்பத்திரி நர்ஸ், தினம் ஜெபமாலை சொல்கிற கத்தோலிக்கர். சாயங்காலம் அவரிடம் சொன்னபோது சிரித்துத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "எட்டி, எங்க ஆவிக்கு இந்தக் கொழப்பமே கெடையாது கேட்டியா. முன்னாலயே பரிசுத்தம்னு போட்டு வச்சிருக்கோம்லா" என்றார்.

பூட்டு அன்றோடு போயிற்று. நான் திறக்கவில்லை, கியூப் உடைக்கிறவர் கேட்டுக் கேட்டுக் கழற்றினார். வியாழக்கிழமை எங்களுக்கு அரை நாள் வேலை. கராமாவில் ஒரு ஓட்டலில் அவர் டீயும் நான் எலுமிச்சை ஜூஸுமாக உட்காருவோம். அவர் கேட்பார், நான் சொல்வேன்.

உலகத்தைக் கடவுள் ஒன்றுமில்லாததிலிருந்து படைக்கவில்லை என்பது எங்கள் போதனை. பொருள் எப்போதும் இருந்தது, அவர் அதை ஒழுங்கு செய்தார். நம்முடைய அறிவும் எப்போதும் இருந்தது, அதையும் யாரும் உண்டாக்கவில்லை. உலகங்களோ எண்ணி மாளாது. பள்ளிக்கூடத்தில் டீச்சர், "பொருளை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது" என்று போர்டில் எழுதியபோது நான் கைதட்டி, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டேன். போன ஞாயிறுதான் சபையில் அதையே கேட்டிருந்தேன். வேறு எந்தப் பிள்ளைக்கு இந்த அதிர்ஷ்டம் கிடைக்கும்? வராண்டாவில் நின்றபடி சந்தோஷத்தில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கும் அந்த இடம் பிடித்துவிட்டது. "சரியாத்தாங்க இருக்கு. சிமென்ட் இல்லாம, மணல் இல்லாம, ஜல்லி இல்லாம யாரும் கான்கிரீட் போட முடியாது. உங்க கடவுள் மிக்ஸ் டிசைன் தெரிஞ்சவர்" என்றார். அடுத்த நிமிடமே வம்புக்கு வந்தார். எங்கள் கடவுளுக்குச் சதையும் எலும்புமான உடம்பு உண்டு என்று சொல்லியிருந்தேன். "உடம்பு இருந்தா அது ஒரு இடத்துல இருக்கணும். அந்த இடம் ரொம்ப தூரத்துல இருக்கணும். நீங்க பண்ற ஜெபம் வெளிச்சத்தோட வேகத்துல போனாலும் போய்ச்சேர எத்தனை வருஷம்? கல்யாணம் ஆகணும்னு நீங்க வேண்டினா, பேரன் கல்யாணத்துக்குப் பதில் வரும்."

கோபத்தில் ஜூஸைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு ஜெபத்தின் முடிவிலும் மனசு தூரத்தைக் கணக்குப் போட்டது. ஆமென் சொல்லவே தயக்கம்.

அடுத்த வியாழன் அவர் ஒரு நோட்டோடு வந்தார். முதல் பக்கத்தில் என் ஜெபம் சட்டென்று போய்ச்சேர வழி எழுதியிருந்தது. இரட்டைத் துகள்கள் உண்டாம். ஒன்றை இங்கே பார்த்தால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் மற்றதன் நிலை அந்தக் கணமே முடிவாகிவிடுமாம். என் கோபத்தைத் தணிக்க அவர் இராத்திரி பகலாகப் படித்திருக்கிறார் என்று தெரிந்தது. ஆனால் நானும் கெமிஸ்ட்ரி படித்தவள், விடுவேனா? "இதுல சேதி அனுப்ப முடியாதுன்னு கீழ நீங்களே எழுதியிருக்கீங்களே" என்றேன். "அந்த வரியை நீங்க படிச்சிருக்கக்கூடாது" என்றார்.

அதற்கப்புறம் வாரம் ஒரு பக்கம் வந்தது. பிரபஞ்சத்தில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாத பொருள் என்று விஞ்ஞானிகள் சொல்வதை எழுதி, "இதுதான் உங்க ஆவி" என்று அடிக்கோடு போட்டுக் கொடுத்தார். மூன்று நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நர்ஸ் அக்காவைச் சமையலறையில் நிறுத்தி வைத்து விளக்கினேன். தோசை கருகியது. நான்காம் நாள் எனக்கே சந்தேகம் தட்டியது. அந்தப் பொருள் எதையும் தொடாமல் ஊடுருவிப் போய்விடும் என்றும் அவர்தான் எழுதியிருந்தார். என் ஆவி என் கையை அசைக்க வேண்டாமா? "தொடாத ஆவியை வச்சு நான் என்னங்க பண்றது?" என்று கேட்டேன். அவர் காது சிவந்துபோனது. எனக்கும் அதற்குப் பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்பது உறைத்தது. அதுவரை நாங்கள் விரல்கூடத் தொட்டதில்லை.

இவ்வளவு பாடு எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான். எங்கள் சபையில் ஆலயத்தில் நடக்கிற கல்யாணம் சாவோடு முடிவதில்லை. கணவனும் மனைவியும் நித்தியத்துக்கும் கணவன் மனைவிதான். ஆனால் இரண்டு பேரும் சபையில் இருக்க வேண்டும். அப்பா சபையில் சேர்ந்ததே இதற்காகத்தான். எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா போய்விட்டாள். இறந்தவளோடும் ஒன்றுசேரலாம் என்று அந்த இளைஞர்கள் சொன்ன இடத்தில்தான் அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாராம். பிறகு வருடக்கணக்கில் காத்திருந்து, வெளிநாட்டிலுள்ள ஆலயத்துக்குப் போனார். அம்மாவுக்குப் பதிலாக ஒரு சபைச் சகோதரி நிற்க, அம்மாவைத் தன்னோடு நித்தியத்துக்கும் சேர்த்துக்கொண்டு திரும்பினார். இப்படிப்பட்டவரின் மகள், "எனக்கு இந்த உலகத்துக்கு மட்டும் போதும்" என்று ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் நிற்க முடியுமா? எனக்கே அது போதாது. அறுபது எழுபது வருடத்தில் தீர்ந்துபோகிற விஷயமாக அவரை நினைக்க என்னால் முடியவில்லை.

ஆகவே அந்த நோட்டு. விஞ்ஞானமே கையைப் பிடித்துக்கொண்டு வந்து விட்டால், அவர் பொய்யில்லாமல் சபைக்குள் வரலாம்.

இரண்டாயிரத்தாறு ஆகஸ்டில் விஞ்ஞானம் காலை வாரியது. புளூட்டோ கிரகமே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அதே சமயத்தில் அரசாங்கம் வார விடுமுறையை வியாழன் வெள்ளியிலிருந்து வெள்ளி சனிக்கு மாற்றியது. எங்கள் கம்பெனியும் அரை நாளைச் சனிக்குத் தள்ளியது. புளூட்டோவுக்கு வேலை போயிற்று, வியாழனுக்கு லீவு போயிற்று. அந்த முதல் சனிக்கிழமை அவர் ஓட்டலுக்கு வந்தது துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி இருந்தது.

"ஓட்டுப் போட்டு எடுத்துட்டாங்க" என்றார். "சின்ன வயசுலேர்ந்து ஒன்பதுன்னு படிச்சேன். இப்ப எட்டாம். இந்த நோட்டுல நான் எழுதினதுல அடுத்த வருஷம் எத்தனை நிக்கும்னு தெரியல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க சபையில இதுக்கு ஒரு பேரு இருக்குங்க. தொடர் வெளிப்பாடு. கடவுள் இன்னும் பேசி முடிக்கலைன்னு அர்த்தம். நேத்து தெரியாதது இன்னைக்குத் தெரியும்."

"நாங்க இன்னும் பாத்து முடிக்கல. அதே கதைதான்" என்றார் அவரும், கொஞ்சம் தெளிந்து.

குரங்கிலிருந்து மனிதன் வந்தானா என்று கோயம்புத்தூரில் நான் அழுதபோது அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொன்னேன். "அம்மிணி, கடவுளோட மோட்டாரைத் தொறந்து பாத்து முடிச்சவன் ஒருத்தனும் இல்ல. தொறக்கோணும்னு நெனைக்கறவனைத் திட்டாத. மூடியே வைக்கோணும்னு சொல்றவனையும் நம்பாத." அவர் இதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் ஓட்டல்காரர் பில்லைத் தானாகவே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் நாலு நாள். அப்பா போன் பண்ணினார். பெங்களூரில் ஒரு சபைப் பையன், நல்ல வேலை, நல்ல குடும்பம், நான் அக்டோபர் லீவில் வரும்போது பார்க்க வருகிறார்கள், சரியா இல்லையா சொல் என்றார். ஒரு வாரம் தவணை கேட்டேன். மறுநாள் லேபில் போய் அவரிடம் அப்படியே சொன்னேன்.

அவர் கையிலிருந்த கியூபைக் கீழே வைத்தார். "நான் உங்க சபையில சேந்துர்றேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

இதைக் கேட்கத்தான் நான் இத்தனை மாதம் காத்திருந்தேன். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கூடத்தில் அவரைப்பற்றி எல்லோருக்கும் ஒன்று தெரியும். சைட் எஞ்சினியர்கள் வந்து நிற்பார்கள். "ப்ரதர், இருபத்தெட்டு நாள் வரைக்கும் வெயிட் பண்ண முடியாது, நல்ல கான்கிரீட்தான், பாஸ்னு எழுதிக் குடுங்க" என்பார்கள். மேனேஜரைவிட்டுச் சொல்லவைப்பார்கள். ஒருமுறைகூட எழுதினதில்லை. உடைக்காத கியூபுக்கு அவரிடமிருந்து எண் வராது. எண் வராமல் நான் டைப் அடித்ததும் இல்லை.

"உங்களுக்கு நம்பிக்கை வந்துருச்சுங்களா?" என்று கேட்டேன்.

"வந்துரும்."

"வந்துருச்சுங்களா?"

அவர் குனிந்து கியூபின் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

"உடைக்காம ரிப்போர்ட் எழுதுவீங்களா நீங்க?"

அவர் எந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இல்லீங்க" என்றார். "வரல. எவ்வளவோ முயற்சி பண்ணிட்டேன். செத்தா முடிஞ்சுதுன்னுதான் எனக்குத் தோணுது. உங்களைப் பாக்கும்போது மட்டும் அப்படி முடிஞ்சுரக் கூடாதுன்னு தோணுது. அது ஆசை, நம்பிக்கை இல்லையே."

மறுநாளிலிருந்து அவர் ஆபீஸ் வேனில் வரவில்லை, பஸ்ஸில் வந்தார். எண்களை எழுதின தாளைப் பேன்ட்ரி அண்ணனிடம் கொடுத்தனுப்பினார். நான் அழுதுகொண்டே டைப் அடித்தேன். நேர்மையான மனிதன் வேண்டும் என்றாய், கிடைத்தான், இப்போது என்னடி அழுகை என்று என்னையே திட்டிக்கொண்டேன். நர்ஸ் அக்கா மூன்று நாள் பொறுத்தார். நாலாம் நாள் காலை டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே கேட்டார். "எட்டி பிள்ளே, ஒங்க சபையில அந்தியத்துல மனம் திரும்பினவனுக்கு ஒண்ணும் கெடையாதா? எங்களுக்கு உண்டு."

"செத்த பிறகும் உண்டு அக்கா" என்று எரிச்சலாகச் சொன்னேன். "செத்தவங்களுக்குப் பதிலா உயிரோட இருக்கறவங்க ஞானஸ்நானம் எடுப்போம். அந்தப் பக்கம் இருக்கறவங்க சரின்னாலும் சொல்லலாம், வேண்டாம்னாலும் சொல்லலாம்..."

சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றேன். அக்கா கைப்பையை மாட்டியபடி என்னையே பார்த்தார். "பொறவென்ன?" என்றார்.

அன்றைக்கு வேன் எனக்கு மெதுவாகப் போனது. லேபுக்குள் நுழைந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நீங்க இப்ப ஒண்ணும் நம்ப வேண்டாங்க. கையெழுத்தும் போட வேண்டாம். எங்க சபையில செத்தவங்களையும் விடமாட்டோம். நீங்க முன்னாடி போனா, உங்க பேர்ல யாரையாவது நிக்க வச்சு, அந்தப் பக்கம் ஆள் அனுப்பி உங்ககிட்டக் கேப்பேன். நான் முன்னாடி போயிட்டா நானே நின்னு கேப்பேன். அப்ப பதில் சொன்னாப் போதும். அதுவரைக்கும் நான் பொறுத்துக்கறேன். ஆனா செத்துத் தப்பிச்சுக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க."

அவர் யோசித்தார். அவர் யோசிக்கும்போது புருவம் இரண்டும் சேரும். சேர்ந்த புருவம் மெதுவாகப் பிரிந்து, முகம் முழுக்க வெளிச்சமாவதைப் பார்த்தேன்.

"அப்ப நான் செத்திருப்பேன்."

"ஆமாங்க."

"செத்த எனக்கு நீ கேக்கறது காதுல விழும்." முதல்முறையாக 'நீ' என்றார்.

"விழும்."

"விழுந்துட்டா, நீ இத்தனை நாள் சொன்னது எல்லாம் சரின்னு அங்கேயே ப்ரூவ் ஆயிடுமே. அதுக்கப்புறம் ஒத்துக்கறதுக்கு எனக்கு என்ன கஷ்டம்?" அவர் சிரிக்க ஆரம்பித்தார். "இதுக்கு நான் இப்பவே வாக்குக் குடுக்கலாம். பொய்யே இல்ல. கேள்வி காதுல விழுந்தா பதில் சரிதான். எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன்."

நான் அந்த மனிதனின் கையைப் பிடித்தேன். கையெல்லாம் சிமென்ட் தூசி.

சாயங்காலம் இருவரும் கராமாவில் ஒரு டெலிபோன் பூத்துக்குப் போனோம். அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். நான் காலிங் கார்டைச் சுரண்டி, நம்பர் அடித்து, அப்பாவிடம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சாமி கும்பிடாதவர், சேர மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர், இறந்தபின் கேட்டால் சரி என்று சொல்வதாக வாக்குக் கொடுத்தவர். பேசி முடித்ததும் கண்ணாடிக்கு வெளியே அவரைப் பார்த்தேன். அப்பா வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்பா?"

"இருக்கறேன் அம்மிணி." நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. "உங்கம்மாவுக்காக அத்தனை தூரம் போய்க் கேட்டுப்போட்டு வந்தேன். அவ சரின்னாளா, மாட்டேன்னாளான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெனமும் காலைல எந்திரிச்சா அதே நெனப்புத்தான். உனக்கு அந்தக் கவலை இல்லாமப் பண்ணிப்போட்டாரு. மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா? போனைக் குடு."